குனிய முடியாத இடுப்போடு அம்மன் முன்னால் விழுந்தேன்

குனிய முடியாவிட்டால் உயிர் போகலாம் என்று ஒரு காலம் இருந்தது. இதைப் படிக்கும் இளம்பெண்கள் நான் கதை விடுவதாக நினைக்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாலத்தில், சந்தியில், பெரிய கட்டடங்களின் வாசலில், எங்கே துப்பாக்கியோடு சிப்பாய் நின்றாலும் அவன் முன்னால் நின்று இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். சரியாக வணங்காதவருக்கு அறை விழும். சிலருக்கு அது அறையோடு நிற்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு இடுப்பு போனது.

என் பெயர் பாக்கியம். காஜா பேராங்கில் அம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் பல காலமாக இருக்கிறேன். அம்மன் எனக்குச் செய்ததைக் கோயில் மலரில் எழுதிக் கொடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள். நான்தான் தட்டிக் கழித்து வந்தேன். பயந்து நடுங்கிய கதையை ஊருக்குச் சொல்ல யாருக்குப் பிடிக்கும்? இப்போது வயதாகிவிட்டது. இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அது 1943. ஜப்பான்காரன் கணக்கில் 2603 என்பார்கள். நமக்கு எந்த வருஷமாக இருந்தால் என்ன, அரிசி இல்லாத வருஷம். என் வீட்டுக்காரர் பெருமாள் சண்டைக்கு முன்னால் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். கடையை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடி வெளியே போகவும் வழியில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. சந்தையில் லாரி வந்து நிற்கும். பாலத்தில் வந்து நிற்கும். அகப்பட்ட ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். போனவர்களில் திரும்பி வந்தவர் என்று அதுவரை ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால் என் வீட்டுக்காரரை எங்கள் சந்து முனையைத் தாண்ட விடமாட்டேன். அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் ஊபி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அரிசிக்கு நான்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பண்டார் ஹிலிரில் ஒரு தையல் கூடம் இருந்தது. கிழிந்த ராணுவச் சட்டைகளை மூட்டை கட்டிக் கொடுப்பார்கள். வீட்டில் தைத்து, பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரிசி தருவார்கள். தைத்தவள் வரவேண்டும், இல்லாவிட்டால் அவள் வீட்டு ஆள் வரவேண்டும். பக்கத்து வீட்டார் கையில் கொடுக்கமாட்டார்கள். என்னிடம் இருந்தது கையால் சுற்றும் சின்ன மெஷின். அதைத் தரையில் வைத்து, முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முதுகைக் கூனிக்கொண்டு நாள் முழுக்கத் தைப்பேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். குழந்தைகள் இரண்டும் பசி என்றன. நானே பின்னால் போய் ஊபிச் செடியைப் பிடித்து இழுத்தேன். மண் இறுகிக் கிடந்தது. குனிந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கிழங்கு வரவில்லை. இடுப்புக்குள் ஏதோ சறுக்கியது மாதிரி இருந்தது. அவ்வளவுதான். அப்படியே மண்ணில் கையை ஊன்றிவிட்டேன்.

முதலில் சுளுக்கு என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் வலி இடுப்பை விட்டு இறங்கியது. இடது பிட்டத்தில் நுழைந்து, தொடைக்குப் பின்னால் ஓடி, கெண்டைக்காலைப் பிடித்து, புறங்கால் வரைக்கும் தீயை இழுத்துக்கொண்டு போனது. சுண்டுவிரல் மரத்துவிட்டது. இருமினால் உயிர் போகும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. உட்கார்ந்தால் சகிக்க முடியாது. என் பிழைப்போ உட்கார்ந்து செய்கிற பிழைப்பு.

தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தோம். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்தால் சுளுக்குப் போகும் என்று ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். அவளும் எண்ணெய் போட்டு வழித்தாள். தேங்காய் எண்ணெய்க்கே பஞ்சமான காலத்தில் அந்த எண்ணெயை வாயில் விட்டிருந்தாலாவது பிரயோசனம். சேலையைக் கிழித்து இடுப்பை இறுக்கிக் கட்டினேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். ஒன்றுக்கும் அந்த வலி அசையவில்லை.

அந்த இடுப்போடு ஒருமுறை பாலத்துக்குப் போனேன். போகாமல் முடியாது, மூட்டை தயாராக இருந்தது. சிப்பாய் முன்னால் நின்று கழுத்தைத் தொங்கப்போட்டு, தோளைக் கூனி, பாதி குனிந்தேன். அதற்குமேல் காலில் தீ பிடித்துக்கொண்டது. அவன் ஏதோ கத்தினான். மறுபடி முயன்றேன். அதே பாதிதான். கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்துவிட்டது. அவன் என் மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, பாலத்து ஓரத்தைக் கையால் காட்டினான். அங்கே ஒரு சீனர் கல்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த தடவை உனக்கும் அந்த இடம்தான் என்று சொல்கிறான் என்பது மொழி தெரியாமலே புரிந்தது. மூட்டையை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு செய்தேன். குனியப் பழகிவிடுவது. மறுநாள் காலையிலிருந்து சுவரைப் பார்த்து நின்று வணங்க ஆரம்பித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு குனிவேன். நிமிர்வேன். திரும்பக் குனிவேன். கால் எரிய எரியக் குனிவேன். பழகப் பழக வளையும் என்று நம்பினேன். என் மகள் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் பக்கத்தில் நின்று குனிவாள். அவளுக்கு விளையாட்டு. எனக்கு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. இடது பாதத்தைத் தூக்க முடியாமல், நடக்கும்போது அது தரையில் இழுபட ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் தன் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துவந்தார். என் வீட்டுக்காரர் என்னைத் தாங்கிக்கொண்டு அவரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். கொஞ்சம் தூக்கியதுமே நான் அலறிவிட்டேன்.

“இது சுளுக்கில்லைத் தங்கச்சி. சயாட்டிகா எண்டு சொல்லுவம். முதுகிலயிருந்து காலுக்குப் போற பெரிய நரம்பு நெரிபடுது. என்னட்ட மருந்தில்லை. பலகையில படுத்திரும். ஒரு ஆறு கிழமை பொறுக்க வேணும்,” என்றார்.

பிறகு என் வீட்டுக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ, எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் கால் நிரந்தரமாகப் போய்விடலாம் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கொல்லைப் பக்கம் போய் வரும்போது பயந்து செத்தேன்.

ஆறு கிழமை என்றால் ஆறு வாரம். அதற்கு நான் எங்கே போவது? தைத்த சட்டைகள் வீட்டில் கிடக்கின்றன. ராணுவச் சட்டை. குறித்த வாரத்தில் வராவிட்டால் சிப்பாய்கள் வீடு தேடி வருவார்கள் என்று கூடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தால் என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். கை கால் நன்றாக இருக்கும் ஆம்பிளையைப் பார்த்தால் சும்மா விடுவார்களா?

“நீ படு. திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துர்றேன்,” என்றார் அவர்.

“லாரி நிக்குமேங்க,” என்றேன்.

“எல்லா நாளுமா லாரி நிக்குது? உன்னை அந்தக் கல்லைத் தூக்க விட்டுட்டு நான் ஊபி புடுங்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

அவர் பொதுவாக என் பேச்சைத் தட்டமாட்டார். நான் கொஞ்சம் வாய்க்காரி, தட்டினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று தட்டினார். முகத்தைப் பார்த்தேன். முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது.

ஆடி வெள்ளிக்கிழமை. உச்சிப் பூசைக்கு மீனாட்சி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மீனாட்சி அக்கா பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி. தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் குடும்பம். மலாய்க்காரிகள் மாதிரி சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருப்பார். பேசுவது மலாய்தான். அம்மனிடமும் மலாயில்தான் பேசுவார். “அம்மனுக்கு மலாய் புரியுமாக்கா?” என்று நான் கேலி செய்ததுண்டு. நீ கப்பல் ஏறி வருவதற்கு முன்னாலிருந்தே அவள் எங்கள் பேச்சைக் கேட்கிறாள் என்று பதில் கொடுப்பார்.

தீபாராதனை காட்டினார்கள். பெண்கள் எல்லாரும் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினார்கள். அதுதான் முறை. உடம்பு முழுக்கத் தரையில் பட விழுந்து கும்பிடுவது ஆண்களுக்கு மட்டும் உள்ளது. எனக்கும் அது தெரியும். நானும் மண்டியிடத்தான் முயன்றேன். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் வலி உச்சந்தலைக்கு ஏறியது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்படியே குப்புற விழுந்துவிட்டேன். நெடுஞ்சாண்கிடையாக, ஆம்பிளை மாதிரி.

எழுந்திருக்க முடியவில்லை. பூசாரி பதறிப்போய், “ஏம்மா, பொம்பளைங்க அப்படி விழக்கூடாதும்மா, எந்திரி,” என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. பாவம், கோயில் முறை கெட்டுவிட்டால் அந்தக் காலத்தில் இன்னும் என்னென்ன வருமோ என்ற பயம் அவருக்கு. மீனாட்சி அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, “ஜாங்ஙான் காச்சோ,” என்றார். தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நான் விழுந்தபடியே கிடந்தேன். முகத்தைத் தூக்கினால்தான் அம்மன் தெரிவாள். இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றி, நெஞ்சை மட்டும் உயர்த்தி, அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகை பீறிட்டு வந்தது. தாயே, எனக்கு வலித்தால் வலிக்கட்டும். அந்த மனுஷனை மட்டும் பாலத்துக்கு அனுப்பாதே. அவரைச் சயாமுக்குக் கொடுத்துவிடாதே. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. கூட்டம் கலைந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். புறங்காலில் எரிச்சல் இல்லை. கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலிலும் இல்லை. பிறகு தொடையும் விட்டது. வலி முழுக்க இடுப்பு நடுவில் வந்து குவிந்து, அங்கே முன்னைவிடக் கடுமையாக வலித்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. டாக்டர் சொன்னது நடந்துவிட்டதா? கால் செத்துவிட்டதா? கையைப் பின்னால் நீட்ட முடியாமல், “அக்கா, என் கால் விரலைக் கிள்ளுங்க,” என்றேன். அவர் நறுக்கென்று கிள்ளினார். நன்றாக வலித்தது. அந்த மரத்த சுண்டுவிரல்கூட லேசாக உணர்ந்தது. அந்தக் கிள்ளலுக்கு நான் அழுத அழுகையை மீனாட்சி அக்கா சாகும்வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோயிலிலிருந்து நேராக டாக்டர் வீட்டுக்குத்தான் போனோம். நடந்ததைச் சொன்னேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். முன்னைவிட உயரமாகப் போனது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வீட்டில் என்னென்ன செய்வேன் என்று விசாரித்தார். தைப்பதைச் சொன்னேன். தினமும் சுவரைப் பார்த்துக் குனிந்து பழகுவதையும் சொன்னேன். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தங்கச்சி, தலையணையின்ர ஒரு பக்கத்தை அமத்தினா மற்றப் பக்கம் பிதுங்குமெல்லோ? முதுகெலும்புக்கு நடுவில அப்பிடி மெத்தை மாதிரி ஒண்டிருக்கு. நீர் கூனிக் கூனி முன்பக்கத்தை அமத்த, அது பின்னால பிதுங்கி நரம்பில முட்டுது. நீர் பழகினது குனியிறதுக்கில்லை, நோவைக் கூட்டுறதுக்கு. கோயில்ல கிடந்த மாதிரிக் கிடந்தா அது திரும்ப உள்ள போகும் போல. நோவு காலை விட்டு மேல ஏறினா நல்லது, கீழ இறங்கினா அப்பிடிக் கிடக்கிறதை உடனே நிப்பாட்டும். விளங்குதோ?”

எனக்கு விளங்கியது. சொல்லும்போதே உடம்பு சிலிர்த்தது. குனிந்து கும்பிடுவதுதான் முறை. அந்த முறையில் போயிருந்தால் என் இடுப்பு இன்னும் கெட்டிருக்கும். என்னைத் தள்ளிவிட்டுத் தனக்கு முன்னால் நீட்டிப் படுக்க வைத்தது யார் என்று நான் யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை.

குனியாமல் பாலத்தைத் தாண்ட வழியில்லையே என்று டாக்டரிடம் அழுதேன். அவர் எழுந்து நின்று காட்டினார். கழுத்தையும் முதுகையும் ஒரே பலகை மாதிரி நேராக வைத்துக்கொண்டு, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, தொடை சேரும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். முதுகு வளையக்கூடாது. இதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, சனி ஞாயிறு இரண்டு நாளும் குப்புறப் படுத்திரும், தையலைத் தொடாதேயும் என்றார்.

இரண்டு நாளும் கிடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடப்பேன், திரும்பப் படுப்பேன். முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும்போதெல்லாம் அம்மன் முகத்தை நினைத்துக்கொள்வேன். முழுக்கக் குணமாகவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் காலில் இருந்த தீ தொடைக்குக் கீழே இறங்கவில்லை. பாதம் தரையில் இழுபடுவதும் குறைந்தது.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் போய்க் கிணற்றில் முகம் கழுவும் நேரம் பார்த்து, மூட்டையை மீனாட்சி அக்கா தலையில் வைத்து, அவரோடு நான் கிளம்பிவிட்டேன். சந்து முனையில் அவர் என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்துக்கு முன்னாலேயே அக்கா நின்றுவிட்டார். மூட்டையை நானே சுமந்துகொண்டு வரிசையில் போனேன். அன்று ஆம்பிளைகளைத் தனி வரிசையாகப் பிரித்து ஓரத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதே சிப்பாய்தான் நின்றான். என்னை அடையாளம் தெரிந்ததா தெரியாது. எனக்கு அவனைத் தெரிந்தது.

மூட்டையை முழங்கால் மடக்கி இறக்கி வைத்தேன். முதுகை நேராக்கினேன். அந்த நேரத்தில் அம்மனை நினைத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நினைக்கவில்லை. இடுப்பைத்தான் நினைத்தேன். வளையாதே, வளையாதே என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே மடங்கினேன். தரையைப் பார்த்தபடி நின்றேன். அவன் பூட்ஸ் தெரிந்தது. தொடையில் தீ லேசாகக் கிளம்பியது. பூட்ஸ் நகரவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் ஆனால் விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். பிறகு அவன் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. போ என்று கையை ஆட்டினான்.

அரிசி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது லாரி வந்திருந்தது. ஓரத்தில் நின்ற ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். வீட்டில் சொல்லிவிடும்மா என்கிற மாதிரி தலையை ஆட்டினார். நானும் தலையை ஆட்டினேன். பாலத்தின் இந்த முனையில் மறுபடி ஒருமுறை மடங்கி வணங்கிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“லாரி வந்திருந்துச்சு,” என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லாரியில் போனவரின் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவர் மனைவியும் இதே அம்மனைக் கும்பிட்டவர்தான். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். பல வருஷம் நானே அம்மனிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என் வீட்டு அரிசியிலிருந்து ஒரு கை போகாத நாள், சண்டை முடியும்வரை, இல்லை. என்னால் முடிந்தது அது.

பழைய பாக்கியம் எதற்கும் வாயாலேயே வழி தேடுவாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு கோயிலில் கிடக்கவும் கற்றுக்கொண்டேன். இன்றுவரை நான் அம்மனை அப்படித்தான் கும்பிடுகிறேன். புதிதாக வரும் பூசாரிகள் ஆரம்பத்தில் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள்.

இடுப்பு வலியோடு இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இருந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள். உங்கள் வலி என் வலி மாதிரி இருக்கவேண்டும் என்பதில்லை, எனக்குச் சரியானது உங்களுக்குக் கெடுதலாகவும் போகலாம். சிறுநீர் நின்றாலோ, கால் இழுபட்டாலோ வீட்டில் கிடக்காதீர்கள். அதைச் செய்துவிட்டு அம்மனிடம் வாருங்கள். முறை தெரியவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று வெளியில் நிற்காதீர்கள். எப்படி விழ முடிகிறதோ அப்படி விழுந்து, எதற்காகப் பயப்படுகிறீர்களோ அதை மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் வீட்டுக்காரர் போன தை மாதம் காலமானார். எங்கள் வீட்டில், அவருடைய பாயில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்க, என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடினார்.